வணங்காமல் முடிந்த ஆட்டம்

கட்டிலில் ஏறிப் படுக்கும் முன் இவாசே தொமோயோ அதைப் பார்த்து இடுப்பை மடித்து ஒரு முறை வணங்குவார். என் எலும்பு வைத்தியசாலையில் இருபது வருடமாகக் கிடக்கும் கட்டில். ரெக்சின் கிழிந்து ஒட்டுப் போட்டிருக்கிறேன். வேறு யாரும் அதை மதித்ததில்லை. "மேல ஏறுற எதையும் கும்பிட்டுத்தான் ஏறுவேன், வைத்தியரே. லாரியைக்கூட" என்பார்.

அது மண்ணெண்ணெய் லாரி. பனிக்காலத்தில் எங்கள் ஊர்க் கணப்புகள் அவர் கொண்டுவரும் எண்ணெயில்தான் எரிகின்றன. ஐம்பத்தொரு வயதில், கைக்கு ஒன்றாகப் பதினெட்டு லிட்டர் டின்களைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவார். ஜூடோவில் ஐம்பத்தேழு கிலோ பிரிவில் ஆறு முறை தேசியச் சாம்பியன், ஒரு முறை உலகச் சாம்பியன் என்பது ஊருக்கே தெரியும். அந்தப் பட்டங்கள் உடம்பை என்ன செய்தன என்பது தொட்டுப் பார்த்த எனக்குத்தான் தெரியும்.

முதல் நாள் தலையிலிருந்து கால் வரை சோதித்தேன். இடது காது உலர்ந்த காளான் மாதிரி சுருண்டிருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. "அது பதினேழு வயசுல. ரெண்டையும் சேத்து டேப் சுத்திக்கிட்டு அடுத்த ஆட்டம் போனேன்." காறை எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. "அது முதல் தேசியப் பட்டம்." இடது முழங்கால் பாதிதான் மடங்கியது. "அது உலகப் போட்டி. காலையில அரையிறுதியில தசைநார் அந்துச்சு. இறுதி ஆட்டம் சாயங்காலம்தானே, நேரம் இருந்துச்சு." வானிலை அறிக்கை வாசிப்பவர் குரலில் சொல்லிக்கொண்டே போனார்.

நானும் ஜூடோ பழகியவன்தான். வலி தாங்காவிட்டால் உள்ளங்கையால் பாயை இரண்டு முறை தட்ட வேண்டும். எதிராளி அந்த நொடியே பிடியை விட்டுவிடுவார்.

"நீங்க தட்டினதே இல்லையா?"

"தட்டுறவளுக்கு ராத்திரி சோறு கிடையாதும்பார் எங்க பயிற்சியாளர். எனக்குப் பசி தாங்காது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் புதிதாக ஒன்று கேட்டார். "நவம்பருக்குள்ள இந்தக் காலை மடக்கி மண்டி போட்டு உக்காரணும்."

எதற்கென்று கேட்டேன். குசுமி ரித்சுகோ என்ற பெயரைச் சொன்னார். இருபத்தாறு வருடம் முன்பு, தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர். தொமோயோ அவர் கையைப் பூட்டிப் பிடித்திருக்கிறார்.

"அதுக்கு மேல அவ முழங்கை போகாதுன்னு என் கைக்குத் தெரிஞ்சுது. தட்டுவான்னு காத்திருந்தேன். அவ தட்டல. நானும் விடல. முறிஞ்ச சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுதாம்."

"அவங்க ஏன் தட்டல?"

"அவளுக்கும் அதே பயிற்சியாளர்தான். ஏழு வருஷம் ஒரே அறையில படுத்தவங்க நாங்க."

என் கை அவர் முழங்காலின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

ரித்சுகோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிரெதிரே நின்று வணங்க வேண்டும். வணங்க எதிரே ஆளில்லை. "அப்படியே இறங்கிட்டேன். அப்புறமும் ரெண்டு பட்டம் ஜெயிச்சேன், வைத்தியரே. அதை நெனச்சாத்தான் உடம்பு கூசுது." இத்தனை வருடம் கழித்து ரித்சுகோ வருவதாகக் கடிதம் போட்டிருந்தார்.

"நின்னபடி வணங்கினாப் போதாதா?"

"ஆட்டத்துக்குப் போதும். மன்னிப்புக் கேக்கப் போதாது."

இரண்டு மாதம் பாடுபட்டும் முழங்கால் முக்கால்வாசிதான் மடங்கியது. அதற்கு மேல் போனால் மறுபடி அறுந்துவிடும், லாரி ஏற முடியாது என்று தெளிவாகச் சொன்னேன். "அறுந்தா அறுந்துட்டுப் போகுது. நீங்க பக்கத்துல இருங்க. எழுப்பிவிட ஒரு ஆள் வேணும்" என்றார்.

என் வைத்தியசாலையின் பாய் விரித்த அறையில்தான் சந்தித்தார்கள். ரித்சுகோ மெலிந்த பெண். வலது கை முட்டியில் மடங்கியபடியே இருந்தது. சீமைப்பனிச்சைப் பழப் பையை இடது கையால்தான் நீட்டினார். பாயில் உட்கார்ந்து தொமோயோவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அறுபத்தஞ்சு கிலோ இருப்பியா?"

"அறுபத்தெட்டு."

"எடை பாக்குறவன் உன்னை வாசல்லயே திருப்பி அனுப்பிருப்பான்டி."

 தொமோயோ வலது முழங்காலைப் பாயில் ஊன்றினார். இடது காலை மடக்கி உடம்பைக் கீழே இறக்கத் தொடங்கினார். முக்கால்வாசியையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது, முகத்தில் ஒன்றுமில்லை. உள்ளே ஏதோ நெறிபடும் சத்தம் எனக்குக் கேட்டது.  அவரைத் தாங்கக் கை நீட்டினேன்.

ரித்சுகோ குனிந்தார். நிமிராத அந்த வலது கையின் உள்ளங்கையால் பாயை இரண்டு முறை ஓங்கித் தட்டினார்.

தொமோயோ அந்த நொடியே நின்றார். கால் பாதியில் நிற்க, பிடியை விடுகிறவர் போல இரண்டு கைகளையும் சட்டென்று விரித்து மேலே தூக்கினார்.