இருபத்திரண்டு குரல் பதிவுகள்

சீட்டக்காவுக்கு ஐந்து மாதங்களாக ஒன்றுமே தோன்றவில்லை. சீட்டுக்கட்டைக் கலைப்பாள், மூன்றை எடுத்து நீல மேசைவிரிப்பில் கவிழ்த்து வைப்பாள், ஒவ்வொன்றாகத் திருப்புவாள். எதிரே இருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். கடைசியில் அவள் வாயிலிருந்து வருவது, "நல்ல காலம் வரப்போகுது, கொஞ்சம் பொறுமை வேணும்." இதைச் சொல்ல, குறி பார்க்கும் எழுபத்தெட்டு டாரோட் சீட்டு எதற்கு? பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். வந்தவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. வாரத்துக்கு முப்பது பேர் ஏறிய மாடிப்படியில் இப்போது கீழே இருக்கும் சலவைக்கடையின் பூனை மட்டும் ஏறி இறங்கியது.

சீட்டக்கா என்பது தெரு வைத்த பெயர். வயது ஐம்பத்து நான்கு. இதற்கு முன் பதினெட்டு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். கணவன், மகளுக்கு நாலு வயதாகும்போதே கம்பி நீட்டிவிட்டான். அந்த ஒற்றைச் சம்பளத்தில் மகளை வளர்த்தாள். "எந்த வார்டு வேணும்?" என்று கேட்டுக் கேட்டே அவளுக்குக் காது கூர்மையானது. பேசுகிறவர் துக்கம் விசாரிக்கிறாரா, பில்லை விசாரிக்கிறாரா என்பது முதல் 'ஹலோ'விலேயே தெரிந்துவிடும். பிறகு மருத்துவமனை ஓர் இயந்திரத்தை வாங்கி வைத்தது. "தகவலுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று ஒரு குரல் நாள் முழுக்கச் சலிக்காமல் சொல்லியது. அவளுக்கு ஒரு சால்வையைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதிவு செய்த குரல் ஒன்று தன் பிழைப்பில் மண்ணைப் போட்டதை அவள் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லித் திட்டித் தீர்த்தாள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணை மேசையில் யாரோ விட்டுப்போய், ஒரு வருடமாக யாரும் கேட்டு வராத சீட்டுக்கட்டு ஒன்று அவள் கைப்பையில் இருந்தது. அதை வைத்துத்தான் தொழிலைத் தொடங்கினாள். தொழில் ரகசியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சீட்டு, வந்தவர் பார்ப்பதற்கு. அவர் சீட்டைப் பார்க்கிற நேரத்தில் இவள் அவரைப் பார்ப்பாள். ஒருமுறை பள்ளி ஆசிரியை ஒருத்தி வந்தாள். சூரியன் சீட்டு விழுந்தது. எல்லாரும் மகிழ்கிற சீட்டு. ஆசிரியையின் கட்டைவிரல் மட்டும் மோதிரத்தைச் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருந்தது. "இத இன்னும் யார்கிட்ட நீங்க சொல்லல?" என்று கேட்டாள் சீட்டக்கா. ஆசிரியை முக்கால் மணி நேரம் அழுதாள். அடுத்த வாரம் தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வாய்வழியாகவே பெயர் பரவிற்று.

கெட்டது எங்கே என்றால், போனில். படி ஏற நேரமில்லை, சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், பலனைக் குரல் பதிவாகப் போட்டுவிடுங்கள் என்று ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் பேசி அனுப்பினாள். ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது என்று ஆனபோது தொண்டை கட்டிக்கொண்டது. சீட்டுக்கட்டில் முக்கியமானவை என்று இருபத்திரண்டு பெரிய சீட்டுகள் உண்டு. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சீட்டுக்கு ஒன்றாக இருபத்திரண்டு பதிவுகளைப் பேசி முடித்தாள். "வணக்கம்மா, உங்களுக்கு வந்திருக்கிற சீட்டு..." என்று எல்லாமே தொடங்கும். அதன் பிறகு வேலை சுலபம். எந்தச் சீட்டு வந்ததோ அந்தப் பதிவைத் தட்டிவிட வேண்டியது. மருத்துவமனை இயந்திரத்துக்குத் தங்கச்சியாகிவிட்டோம் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. நன்றாகச் சம்பாதிக்கிறபோது யாருக்குத்தான் உறைக்கும்?

மூன்று வருடம் ஓடியது. அப்புறம் அதே ஆசிரியையும் அவள் நாத்தனாரும் ஒரு கல்யாண மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தங்களுக்கு வந்த பதிவுகளை ஆளுக்கொன்றாகப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே சீட்டு, ஒரே வார்த்தைகள். "காலம் கனியும்" என்ற இடத்தில் சலவைக்கடை நீராவி இஸ்திரிப்பெட்டி 'உஸ்' என்று சீறுவதுகூட இரண்டிலும் ஒன்றே. குட்டு வெளிப்பட்டது. ஒரே வாரத்தில் போன் ஊமையாகிவிட்டது.

சரி, பழையபடி நேரில் பார்க்கலாம் என்று அறையைப் பெருக்கித் திறந்து வைத்தாள். வந்த ஒன்றிரண்டு பேரிடம்தான் நாம் ஆரம்பத்தில் பார்த்த கதை. முகத்தைப் பார்த்தால் முகம் தெரிந்தது, அவ்வளவுதான். உற்சாகத்தை மீட்க இணையத்தில் ஒரு சின்னப் பெண் நடத்திய வகுப்பில் சேர்ந்தாள். சீட்டுக்கட்டை மூன்று முறை தட்டி எழுப்புங்கள், தலையணைக்கு அடியில் வையுங்கள், தினமும் காலையில் ஒரு சீட்டு எடுத்து நோட்டில் எழுதுங்கள் என்றாள் அந்தப் பெண். கழுத்து வலித்ததுதான் மிச்சம். நாற்பது நாள் எழுதிய நோட்டைப் புரட்டிப் பார்த்தால், ஒவ்வொரு பக்கத்திலும் அந்த இருபத்திரண்டு பதிவுகளின் வாசகங்களே வரி பிசகாமல் இருந்தன. அரைத்த மாவையே இத்தனை நாள் அரைத்திருக்கிறாள். நோட்டைச் சுவரில் வீசி எறிந்துவிட்டு, "பாழாப்போனவளே" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் மகளிடமிருந்து செய்தி வந்தது. "சனிக்கிழமை வரேன்."

மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். இரண்டு வருடமாக நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. கேட்டால் வேலை என்பாள். போன மாதம்தான், கணவனை விட்டு வந்துவிட்டதாகவும் ஒரு தோழியோடு தங்கியிருப்பதாகவும் எழுதியிருந்தாள். ஏன், எதற்கு என்று சொல்லவில்லை. சீட்டக்கா உள்ளறையில் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள், அலமாரியில் பாதியைக் காலி செய்தாள். தொழில் போனால் போகட்டும், மகள் வருகிறாள். இனி இரண்டு பேருமாக இருக்கலாம். அதை நினைத்தபோது அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மகள் தோளில் ஒரு சின்னப் பையோடு வந்தாள். உள்ளறைக்குப் போகவில்லை. நேராக வந்து, ஆட்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னடி அங்க உக்காந்துட்ட? உள்ள வா. முகம் கழுவிட்டு ஏதாச்சும் சாப்பிடு."

"இருக்கட்டும்மா. எனக்கு ஒரு சீட்டு எடுத்துச் சொல்லு."

"உனக்கு எதுக்குடி சீட்டு? நீ என் பொண்ணு."

"ஒரு தடவை கேட்டேன். சொல்லியிருக்க. ஞாபகம் இருக்கா?"

சீட்டக்கா யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. மகள் சீட்டுக்கட்டை எடுத்து நிமிர்த்தி விரித்து, தேடி, ஒரு சீட்டை உருவி மேசையில் வைத்தாள். ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் மனிதன். பிறகு தன் போனை அதன் பக்கத்தில் வைத்துத் தட்டினாள்.

"வணக்கம்மா, உங்களுக்கு வந்திருக்கிற சீட்டு, தொங்கும் மனிதன். இப்ப எந்த முடிவும் எடுக்காதீங்க. இருக்கிற இடத்துலயே இருங்க. பொறுமையா இருந்தா காலம் கனியும்..." உஸ் என்றது இஸ்திரிப்பெட்டி.

"ரெண்டு வருஷம் முன்னாடி," என்றாள் மகள். "குளியலறையில தாழ்ப்பாள் போட்டுட்டு உக்காந்து உனக்கு அனுப்பினேன். 'அம்மா, அவசரம், எனக்கு ஒண்ணு பாத்துச் சொல்லு'ன்னு. வெளிய அவர் கதவை உதைச்சுட்டு இருந்தார். உன் குரலைக் கேட்டா போதும்னு இருந்தது. 'வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே கிளம்பியிருப்பேன். நீ 'வணக்கம்மா'ன்ன. 'உங்களுக்கு'ன்ன."

"ஐயோ. கண்ணு, அன்னிக்கு எத்தனை பேரு வரிசையில... நான் பேரைக்கூடப் பாத்திருக்க மாட்டேண்டி."

"தெரியும். நானும் இருந்த இடத்துலயே இருந்தேன். ரெண்டு வருஷம்." மகள் கட்டைக் கலைத்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். "இப்ப பாத்துச் சொல்லு."

சீட்டக்கா அதைத் திருப்பினாள். என்ன சீட்டு என்று அவளுக்கு இன்று வரை தெரியாது. மகள் சீட்டைப் பார்த்தாள், இவள் மகளைப் பார்த்தாள். இடது புருவத்தை நடுவில் வெட்டிக்கொண்டு ஒரு கோடு. அது கல்யாணத்தன்று இல்லை. தோள்பை மடியிலிருந்து கீழே இறங்கவே இல்லை. காலணியைக்கூடக் கழற்றவில்லை. பையின் பக்க உறையில் புது பாஸ்போர்ட் ஒன்றின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. ஐந்து மாதமாக வராதது, நோட்டுக்கும் தலையணைக்கும் வராதது, மடை திறந்ததுபோல வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று நினைக்கும்போதே வாய் பேசிவிட்டது.

"நீ இங்க இருக்க வரல. வெளிநாட்டுலயோ எங்கயோ வேலை கிடைச்சிருக்கு. சாயங்காலமே கிளம்புற. விலாசம் எனக்குத் தர மாட்ட. நான் அனுப்புனது எனக்கு ஞாபகம் இருக்கான்னு பாக்கத்தான் வந்திருக்க. ஞாபகம் இருந்திருந்தா..." அவள் சீட்டைத் திரும்பக் கவிழ்த்தாள். "இருந்திருந்தா ஒருவேளை இருந்திருப்ப."

மகளுக்குக் கண் கலங்கியது, வழியவில்லை.

"எல்லாம் சரி," என்றாள். "ஒரு வார்த்தை தப்பில்ல. உனக்கு இது வரும்மா. நல்லாவே வரும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். சீட்டக்கா எழுந்து பின்னால் ஓட நினைத்தாள். படியின் தலைப்பிலேயே நின்று, காலணிச் சத்தம் தெருவில் கலக்கும் வரை கேட்டாள்.

மறுவாரம் சலவைக்கடைக்காரரின் மனைவி, பூனையைத் தேடிக்கொண்டு மேலே வந்தவள், சும்மா உட்கார்ந்து ஒரு சீட்டைத் திருப்பினாள். சீட்டக்கா அவள் முகத்தைப் பார்த்து இரண்டே வாக்கியம் சொன்னாள். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இதுக்கு முன்னாடி நீங்க இப்படிச் சொன்னதே இல்லையே!" அடுத்த மாதம் ஆசிரியையும் மனம் மாறி வந்தாள், நாத்தனாரோடு. இப்போது படி முழுக்க ஆட்கள். சீட்டக்காவுக்கு மறுபடியும் கை வந்துவிட்டது என்று தெருவே பேசுகிறது. அதைக் கேட்டு அவள் சிரிப்பதில்லை.

இருபத்திரண்டு பதிவுகளையும் அவள் அழித்துவிட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் மகளுக்கு ஒன்று பேசி அனுப்புகிறாள், புதிதாக, ஒவ்வொரு முறையும் வேறு வார்த்தைகளில். "கண்ணு, அம்மா பேசறேன். எங்க இருக்க? ஒரு தடவை வா. இல்ல, நான் வரேன்."

மகள் பதில் போடாமல் இருப்பதில்லை. பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். சீட்டக்கா போனைக் காதோடு அழுத்திக்கொள்வாள்.

"வணக்கம்மா, உங்களுக்கு வந்திருக்கிற சீட்டு, தொங்கும் மனிதன்..." என்று சீட்டக்காவின் சொந்தக் குரலே, அந்தப் பழைய பதிவே, தொடங்கும். உஸ் என்ற சீறல் வரும் வரை கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.