பிஷ்ணுபூருக்கு இரண்டு பேர்

எங்கள் பராநகர் தெருவில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் முதலில் துர்ஜடிதாவிடம் சொல்லிவிட வேண்டும். எந்த ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது, எந்த விடுதிச் சமையல்காரன் கடுகு அரைத்து மீன் வைப்பான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பிழைப்புக்கு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஆனால் பூஜை விடுமுறைக்குத் தெருவைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதுதான் அவருடைய உண்மையான உத்தியோகம். அவர் மனைவி சர்பாணி எனக்கு அக்கா. நாங்கள் திதி என்போம். அவர் எனக்கு ஜாமாய்பாபு, அக்கா புருஷன்.

மனிதர் தங்கமானவர், அதுதான் தொல்லையே. வேண்டாம் என்கிற ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. அவருடைய அந்த நல்ல குணத்துக்கு விலை கொடுத்தது என் அக்காதான். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

திதி கல்யாணத்துக்கு முன்பு துருபத் என்ற பழைய வடக்கத்திச் சங்கீதம் பாடக் கற்றவள். பிஷ்ணுபூர் பாணி. அந்த ஊரையே பார்க்காமல் அந்த ஊர்ப் பாட்டைப் பாடுகிறோமே என்று அவளுக்கு ஒரு குறை. புகுந்த வீடு பெரிய குடும்பம். மாமனாருக்குக் காலையில் தூக்கம் கெடக்கூடாது, மாலையில் விருந்தாளிகள் வருவார்கள். பாட்டு தானாகவே நின்றுபோனது. ஆசை மட்டும் நிற்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவரிடம் கேட்டே விட்டாள்.

"ஏங்க, எல்லாரையும் எங்கெங்கயோ கூட்டிட்டுப் போறீங்க. என்னை ஒரு தடவை பிஷ்ணுபூர் கூட்டிட்டுப் போங்களேன். நீங்களும் நானும் மட்டும்."

"பூ, இவ்வளவுதானா? ஹௌராவுல ஏறி ஒரு தூக்கம் போட்டா பிஷ்ணுபூர்!"

அன்றே திட்டம் போட உட்கார்ந்தார். காலை வெயில் எந்தக் கோயில் சுவரில் விழும், சுட்ட மண் சிற்பங்களை எந்த நேரத்தில் பார்த்தால் நிழல் ஆழமாகத் தெரியும், ராஸ் மண்டபத்துக்கு மாலையில் போவதா மத்தியானமா என்று விசாரித்து விசாரித்து, ஒரு கல்யாணத்துக்கான முஸ்தீபு செய்தார். திதி பெட்டியில் நல்ல புடவை எடுத்து வைத்தாள். சந்தோஷம் தாங்காமல் ஜாமாய்பாபு டீக்கடைக்குப் போய் அதைச் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் பயணத் திட்டத்தை டீக்கடையில் சொல்வதும் தெருவுக்கே பத்திரிகை வைப்பதும் ஒன்றுதான்.

"என்ன தாதா, எங்களைக் கழட்டி விட்டுட்டு பௌதியோட ஜாலியாப் போறீங்களா?" என்றான் பக்கத்து வீட்டு போல்ட்டு. அவனுக்கு ஜாமாய்பாபு தாதா, அண்ணன்; திதி பௌதி, அண்ணி.

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லப்பா."

"அப்ப நாங்களும் வர்றோம். ஆனா செங்கல்லைப் பாக்கவா இவ்வளவு தூரம் போறது? புரின்னா எங்க அம்மாவுக்கு ஜகந்நாதர் தரிசனமும் ஆச்சு, நமக்குக் கடலும் ஆச்சு."

அந்த வருஷம் புரிக்குப் போனார்கள். திதி கடலில் கால் நனைத்துவிட்டு, போல்ட்டுவின் அம்மாவுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

அடுத்து ஒரு குளிர்காலத்தில் நிஜமாகவே பிஷ்ணுபூருக்குப் பஸ் கிளம்பியது. அதில் நானும் இருந்தேன். கூட்டம் வருகிறது என்றால் வனபோஜனம் இல்லாமல் எப்படி? அண்டா, அடுப்பு, சமையல்காரன், ஆட்டுக்கறி எல்லாம் ஏறின. ஊருக்குச் சற்று முன்னால் சால மரக்காட்டில் வண்டியை நிறுத்தி அடுப்பு மூட்டினார்கள். விறகு ஈரம். கறி வேகவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. சீட்டுக் கச்சேரி ஒரு பக்கம், இறகுப்பந்து ஒரு பக்கம். குரங்குக் குல்லாய் மாட்டிய பெருசுகள் வெயிலில் குறட்டை விட்டார்கள்.

திதி நான்கைந்து தடவை அவரிடம் போனாள். "ஏங்க, நாம ரெண்டு பேரும் ஒரு ரிக்‌ஷா பிடிச்சு முன்னாடி போயிடலாமா?"

"எல்லாரும் சாப்பிடாம இருக்காங்க, நாம மட்டும் போனா நல்லாவா இருக்கும்? இதோ, ஆச்சு."

ஆகவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது வெயில் சாய்ந்துவிட்டது, கோயில் வளாகங்களைப் பூட்டும் நேரம். குழந்தைகளுக்குக் குளிர் ஆகாது என்று யாரோ சொல்ல, பஸ் வந்த வழியே திரும்பியது. "கறி என்ன ருசி பாத்தீங்களா!" என்று போல்ட்டு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். திதி ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னால் போகும் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஜாமாய்பாபுவோ இருக்கைகளுக்கு நடுவே நடந்து எல்லோருக்கும் ஆரஞ்சு கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த ஆரஞ்சைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு "பக்கத்துலதானே இருக்கு, எப்ப வேணா போகலாம்" என்பதே அவர் பேச்சாகிவிட்டது. பக்கத்தில் இருப்பதால்தான் போகவே முடியவில்லை. சிம்லா, ஜெய்சால்மர், கன்னியாகுமரி எல்லாம் ஆனது. மகன் வளர்ந்து வேலைக்குப் போனான். ஜாமாய்பாபு ஓய்வு பெற்றார்.

சென்ற பூஜைக்கு முன்பு, திதிக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க நான் போயிருந்தபோது, ஜாமாய்பாபு வெளியிலிருந்து வந்தார். முகத்தில் கள்ளச் சிரிப்பு. சட்டைப்பையிலிருந்து இரண்டு டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"பிஷ்ணுபூர். நீயும் நானும் மட்டும். ஒருத்தன்கிட்டயும் மூச்சு விடல. டீக்கடைப் பக்கமே போகல, தெரியுமா!"

எனக்கே கண் கலங்கிவிட்டது. திதி டிக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"நான் போயிட்டு வந்துட்டேங்க."

"எங்க?"

"பிஷ்ணுபூருக்குத்தான். நீங்க தெருப் பசங்களைக் கூட்டிட்டுத் திகா கடற்கரைக்குப் போனீங்களே, முழங்கால் வலின்னு நான் வரலயே, அப்ப. விடியகாலைல போயி ராத்திரி திரும்பிட்டேன்."

எனக்கும் அது புதுச் செய்தி. ஜாமாய்பாபு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கேட்டாரே கேள்வி! "எந்த ரயில்ல போன? ஜோர் பாங்ளா கோயிலைக் காலையிலயே பாத்துட்டியா? ராஸ் மண்டபம் சாயந்தரமா?" பழக்க தோஷம், பாவம்.

"எது முதல்ல கண்ணுல பட்டுதோ அதைப் பாத்தேன்."

"என்ன சாப்ட்ட?"

"பொரி."

"சொல்லியிருக்கக் கூடாதா சர்பாணி?"

"கோவத்துல போகலங்க. வயசாகுதேன்னு போனேன்." குரலில் நிஜமாகவே கோபம் இல்லை. அவள் கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சின்னக் கோயில் ஒண்ணு, ஆளே இல்ல. உள்ள உக்காந்து கொஞ்ச நேரம் பாடினேன்."

"என்ன பாடின?"

"பேர் சொன்னா உங்களுக்குத் தெரியாது. நீங்க கேட்டதே இல்லையே."

அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும், சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் மாத்திரை அட்டையைத் திதி பக்கம் நகர்த்தினேன். தெருவில் போல்ட்டு யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. ஜாமாய்பாபு எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார்.

"இப்பப் பாடேன். நான் கேக்கறேன்."

திதி டிக்கெட்டுகளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"வராதுங்க. அன்னிக்கே பாதியில குரல் போயிடுச்சு."