எலிச் சத்தம்

பெருமாநல்லூரில் அப்பா நான்கு நிட்டிங் மிஷின் போட்டிருந்தார். ஜெர்மனியிலிருந்து ஒருவர் மிஷின் ஓடுகிற ஷெட்டைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அவருக்குப் பிடித்தால் எங்களுக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர். இல்லையென்றால் இரண்டு மிஷினை விற்றுவிடுவதென்று முடிவாகியிருந்தது. விருந்தாளியை இரைச்சலில் நிற்கவைப்பது மரியாதை இல்லை. மிஷினை நிறுத்தினாலோ அவர் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அதனால் வாசலில் அவர் பாஷையிலேயே பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஓர் அட்டை வைக்கலாம் என்றார் அப்பா. எட்டாவது படித்துக்கொண்டிருந்த நான், அதை நான்தான் எழுதுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

டீச்சரிடம் இரவல் வாங்கிய ஜெர்மன் அகராதியில் சத்தத்துக்கு மூன்று வார்த்தைகள் இருந்தன. ‘கிராக்’ என்றால் பித்தளைப் போசி கீழே விழுகிற சத்தம் என்று வைத்துக்கொண்டேன். ‘லேர்ம்’ ரேஷன் கடை இரைச்சல். ‘கெராய்ஷ்’ சாக்குக்குள் எலி ஓடுகிற சத்தம். எனக்கு லேர்ம்தான் சரியென்று பட்டது. ஆனால் மிஷின் அப்பாவுடையது. மூன்றையும் நோட்டில் எழுதிக் காட்டி, நம்முடையது எது என்று கேட்டேன்.

அப்பா யோசித்துத்தான் பதில் சொன்னார். “எலிச் சத்தம்னே போடு கண்ணு. புதுசுல காது கிழியும். இப்ப மிஷின் ஓடி ஓடிப் பழகி, சத்தமே கொறஞ்சு போச்சு.”

அப்படியே எழுதினேன். வந்தவர் அட்டையைப் படித்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். போன வேகத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். என் ஸ்கெட்ச் பேனாவை வாங்கி, கெராய்ஷை அடித்துவிட்டு மேலே லேர்ம் என்று எழுதினார். ஒரு வாரம் பாடுபட்டதற்குத் திருத்தமா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் அவர், முற்றத்தில் நின்ற அப்பாவைப் பின்னாலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை கூப்பிடாமல் தோளைத் தொட்டார்.

ஆர்டர் கிடைத்துவிட்டது. சாம்பிள் பார்சலோடு, காதை மூடிக்கொள்கிற சாதனம் ஒன்றையும் அப்பா பேரெழுதி ஜெர்மனிக்காரர் அனுப்பியிருந்தார். அப்பா அதை ஆணியில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

எனக்கு ஆச்சரியம் வேறு. எங்கள் வீதியில் பெண்கள் புருஷனை ‘ஏனுங்க’ என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா மட்டும் சாப்பிடக் கூப்பிடுவதற்குக்கூட அப்பாவின் தோளைத் தொடுவாள். ஜெர்மனிக்காரருக்கு அது எப்படித் தெரிந்தது என்று நினைத்தேன். மற்ற வீடுகளைவிட எங்கள் வீட்டில் பிரியம் கூடுதல் என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.