பச்சை சார்ஜர்

பாங்காக் புறநகரில் வரிசை வீடொன்றில் குடியிருக்கும் பிராசித் புதன்கிழமை பிறந்தவர். தாய்லாந்தில் பிறந்த கிழமைக்கு ஒரு ராசி நிறம் உண்டு; புதனுக்குப் பச்சை. பல் துலக்கும் பிரஷ் முதல் செருப்பு வரை எல்லாம் அந்தப் பச்சையில்தான் இருக்க வேண்டும் அவருக்கு. மனைவி துவாங்ஜைக்கு அந்த நிறத்தைக் கண்டாலே குமட்டும். அவர்களுடைய முதல் மின்சாரக் கார் பச்சையில் கிடைக்கவில்லை. பிராசித் சிவப்பை வாங்கி, ராசி கெடாமல் இருக்க அந்த ஊர் வழக்கப்படி பின்கண்ணாடியில் ‘இந்தக் கார் பச்சை நிறம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்.

வீட்டில் மாட்டும் சார்ஜர் வாங்கப் போனபோது கடைக்காரர் தெளிவாகவே சொன்னார்.

“அண்ணே, உங்க வீட்டுக்கு வர்றது சிங்கிள் ஃபேஸ். இந்தச் சின்னக் கறுப்பே போதும். பச்சை பெரிசு, த்ரீ ஃபேஸ் இருந்தாத்தான் முழு வேகத்துல ஏத்தும்.”

“பச்சையே குடுங்க,” என்றார் பிராசித். பக்கத்தில் நின்ற துவாங்ஜைக்குச் சீ என்றாகிவிட்டது.

மாட்டிய அன்று மாலை காருக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கறுப்பு ஏற்றியிருக்கக்கூடிய அதே ஆமை வேகம்.

“என்னடி இது, இப்படி நகருது?”

துவாங்ஜை முகத்தைச் சுளித்தாள்.

“மீட்டர் மேல ‘இந்த வீடு த்ரீ ஃபேஸ்’னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க. பச்சைன்னு கார் நம்பிடுச்சுல்ல, கரண்டும் நம்பும்.”