போணிக் கை

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். வீட்டில் நிறுத்திவிட்டார்களா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். அது முழு உண்மை இல்லை.

தாராவியில் அப்பாவுக்குக் கருப்பட்டியும் சோப்பும் விற்கிற சின்னக் கடை. காலையில் முதல் போணி என் கையால்தான். என் கை ராசியான கை என்று அப்பா நம்பினார். நான் அவரைவிட அதிகமாக நம்பினேன். ஆறாம் வகுப்புக்கு மாட்டுங்காவரை போக வேண்டும். கடை திறக்கிற நேரமும் பள்ளிக்குக் கிளம்புகிற நேரமும் ஒன்று. அதனால் படித்தது போதும் என்றாகிவிட்டது.

சித்தப்பாவுக்குப் பகலில் ஆபீஸ், சாயங்காலம் காலேஜில் காமர்ஸ் படிப்பு. "கடைக்காரன் வீட்டுல பொறந்துட்டு, யாவாரத்தப் போயி காலேஜுல படிக்கானாம்" என்று அப்பா கேலி செய்வார். ஒருநாள் நான் அந்தத் தடிப் புத்தகத்தைக் காட்டி, "இதுல போணி எந்தப் பக்கத்துல இருக்கு சித்தப்பா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "போணி இல்லட்டி. சனம் ஏன் ஒரு கடைய விட்டு இன்னொரு கடைக்குப் போவுதுன்னு இருக்கு. நாம நம்புறது நெசந்தானான்னு கேட்டுப் பாக்கணும். அதுக்குத்தான் இந்தப் படிப்பு."

கேட்டும் பார்த்துவிட்டார். "எட்டு நாள் பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புங்கண்ணே. யாவாரம் கொறைஞ்சா நான் வாயத் தொறக்கல. கொறையலன்னா அவ படிக்கட்டும்."

"கொறையத்தாம்லே போவுது" என்றார் அப்பா.

எட்டு நாளும் போனேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பூகோளப் படத்தில் பம்பாய்க்கும் எங்கள் ஊர் திருநெல்வேலிக்கும் நடுவே என் கையால் ஒரு சாண்கூட இல்லை. அந்த ஜன்னலோரத்தில் இப்போதும் அவ்வப்போது நினைப்பில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

ஒன்பதாம் நாள் காலை பையோடு கிளம்பியபோது சித்தப்பா வாசலில் மறித்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு கருப்பட்டிகூட கொறையலட்டி! உன் கைக்கும் யாவாரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல!"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பையை அவர் கையில் திணித்துவிட்டுக் கடைக்கு ஓடினேன். சோப்பு வாங்க வந்த மராட்டிக்காரிக்கு, அப்பாவை முந்திக்கொண்டு நானே எடுத்துக் கொடுத்தேன்.

"பாத்தியாலே, பிள்ள தானா கடைக்கு வந்துட்டா" என்று அப்பா தெருவில் நின்ற சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மறுநாளும் நான் பள்ளிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவும் இல்லை.

அன்று சித்தப்பா என் பையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தெருவிலேயே நின்றார். ஆபீசுக்கு நேரமாகிறதே, இந்த மனுசன் ஏன் இப்படி நிற்கிறார் என்றுதான் நினைத்தேன்.