நூறு வருடம் கழித்து வைக்க வேண்டிய பெயர்

நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் கொஞ்சம் வருகிறது.

என் மகள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, என்னோடுதான் இருக்கிறாள். இரண்டு வருடம் முன்பு டீச்சர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. எங்கோ வெளிநாட்டில் பெரிய தொலைநோக்கியில் எடுத்த வானத்துப் படங்களை இவள் லேப்டாப்புக்கு அனுப்புவார்கள். அடுத்தடுத்து எடுத்த படங்கள். எல்லாப் புள்ளியும் அசையாமல் நிற்கும். நகர்கிற புள்ளி ஏதாவது இருந்தால் அது சூரியனைச் சுற்றுகிற கல். அப்படி ஒன்றை இவள் கண்டுபிடித்துவிட்டாள். புது வண்டிக்கு முதலில் தருவார்களே, அந்த மாதிரி எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு தற்காலிக நம்பர் கொடுத்தார்கள். நிரந்தர நம்பர் வந்த பிறகு, கண்டுபிடித்தவரே ஒரு பெயர் சொல்லலாமாம்.

"தம்பி பேரு வெக்கிறேம்மா" என்றாள்.

என் மகன் ராணுவத்தில் டிரைவராக இருந்தான். பனிமலையில் வண்டி உருண்டு, இருபத்துநாலு வயதில் போய்விட்டான். எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்புக்கு அவன் பெயரை வைக்கலாம் என்று பேச்சு எடுத்தார்கள். இடம் கொடுத்தவர் தன் அப்பா பெயர்தான் வைக்கணும் என்றார். பேச்சு அதோடு சரி. எனக்கும் மகளுக்கும் பிறகு அவன் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. கல்லிலாவது இருக்கட்டும் என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது.

இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று மகள் சொல்லச் சொல்ல, ஊர்ப் பையன்கள் பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். நடுவில் சீருடையில் அவன், சுற்றிலும் நட்சத்திரம். கட்டினவர்கள் முகமெல்லாம் கீழே அவனைவிடப் பெரிதாக.

பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்டாள். "ஏங்க்கா, மேல எடம் வாங்கிட்டீங்களாமே, பட்டா வந்துருச்சா?"

"எடமில்ல, கல்லு" என்றேன்.

"எங்க வூட்டு மேல வுந்துறப் போவுதுக்கா. ஓட்டு வூடு, தாங்காது."

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

அந்த வாரமே பயிற்சி கொடுத்தவர் போன் செய்தார். மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், ஒரு சிக்கலுங்க. அரசியலாலயோ ராணுவத்தாலயோ ஊருக்குத் தெரிஞ்சவங்க பேரை வெக்கணும்னா, அவங்க எறந்து நூறு வருசம் ஆகணும். அது பேர ஒத்துக்கற உலக சங்கத்தோட சட்டம்."

"எங்க தம்பிய யாருக்குங்க தெரியும்? சண்டையில கூட சாவலீங்க. வண்டி ஓட்டினான்."

"பேருக்குக் கீழ அவரு யாருன்னு ரெண்டு வரி எழுதணுங்களே. ராணுவம்னு எழுதினா தள்ளிடுவாங்க. வேற எதாச்சும் எழுதுங்க, கேட்டுப் பாக்கலாம். இல்லீன்னா ஊரு பேரு, மலை பேரு வெக்கலாம். தீர்த்தமலைன்னு வெச்சா ஒரு தொந்தரவும் இல்ல. எப்படியும் நம்பர் வரவே வருசக்கணக்கா ஆவும். மறுபடி மறுபடி யாராச்சும் அந்தக் கல்லப் பாத்துக் கணக்கெடுக்கணும். பாக்கலீன்னா தொலஞ்சு போச்சுன்னு வுட்ருவாங்க."

போனை வைத்துவிட்டு மகள் லேப்டாப்பைத் திறந்தாள்.

"சொல்லும்மா, என்னன்னு எழுத?"

"ஆடு ஓட்டுவான். கத்திரிக்கா கொழம்பு வெச்சா தட்டத் தள்ளிடுவான்."

"அம்மா, இத எழுதினா உலகத்துல இருக்கற அத்தன பேருக்கும் கல்லு வேணும்."

யோசித்தேன். "நல்லா ஓடுவானே. வெடியறதுக்குள்ள ஏரிக்கரைய சுத்திட்டு வந்துருவான்."

மகள் என்னையே பார்த்தாள். "எதுக்கும்மா ஓடினான்? மிலிட்டரி ஆளெடுப்புக்குத்தான."

நிஜம்தான். பத்தாவது முடித்ததிலிருந்து அவன் ஓடினதும், கம்பியில் தொங்கினதும், மார்பு அகலம் பத்தவில்லை என்று முட்டை தின்றதும் எல்லாம் அதற்குத்தான். அங்கே போவதற்கு முன்னால் அவன் சின்னப் பையன். போன பிறகு லீவில் வந்து தூங்குவான். இதில் எந்த இரண்டு வரியை எழுதச் சொல்வது? அவள் ஏதோ அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்தாள்.

"மலை பேரையே எழுதிடு" என்றேன்.

"மலைக்குத்தான் ஏற்கனவே பேரு இருக்குதே" என்று மூடிவிட்டாள்.

நம்பர் இன்னும் வரவில்லை. கல்லை அப்புறம் யாராவது பார்த்தார்களா என்று கேட்டால் தெரியவில்லை என்கிறாள். இப்போது நான் கேட்பதில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "உங்க மவன் பேருல வானத்துல ஒண்ணு இருக்குதாமே" என்கிறார்கள். ஆமாங்க என்று தலையாட்டிவிடுகிறேன். இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். அவ்வளவும் சொல்ல எனக்கு வாய் வராது.