குட்டையில் ஊற்றிய மருந்து

மைசூரில் ஹெப்பாள் பக்கம் நாங்கள் குடிபோனபோது வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது. காலி மனைகளுக்கு நடுவே மழைநீர் தேங்கிய பள்ளம்தான். ஜூன் மழை பிடித்துவிட்டால் மாலை ஆறு மணிக்கே அதில் தவளைகள் ஆரம்பித்துவிடும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பி என்னைவிடச் சின்னவன். அம்மா நர்ஸ். காலை டியூட்டிக்கு நாலரைக்கு எழுந்தாக வேண்டும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தும் தூக்கம் வராது. ஒருநாள் பஸ்ஸில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி டிப்போ வரை போய்விட்டாள். அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தம்பி, என் மாமா, கொள்ளேகாலிலிருந்து வந்தார். அங்கே பூச்சிமருந்துக் கடையில் வேலை. எந்தத் தொல்லைக்கும் தன் கடை அலமாரியில் ஒரு பாட்டில் உண்டு என்று நம்புகிறவர். நான்தான் அவரைத் தனியே கூப்பிட்டுத் தவளை விஷயத்தைச் சொன்னேன்.

"உங்கம்மா நிம்மதியாத் தூங்கோணும், அவ்வளவுதானே கண்ணு? அடுத்த வாரம் பாரு."

அடுத்த வாரம் அம்மா டியூட்டிக்குப் போயிருந்த மத்தியானத்தில், செய்தித்தாளில் சுற்றிய இரண்டு பாட்டில்களோடு வந்தார். தவளைகள் எங்கே அதிகம் என்று நான் கை காட்டினேன். அவர் வாளியில் மருந்தைக் கலந்து வீசி வீசி ஊற்றினார். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. "கைய வாயில வெச்சராத" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை குட்டை முழுக்க வெள்ளை வயிறுகள். கரையோரம் தலைப்பிரட்டைகள் கறுப்புச் சேறு போல ஒதுங்கியிருந்தன. எதிர்வீட்டு அம்மாள் யார் செய்தது என்று கன்னடத்தில் கேட்டார். தெரியாது என்றேன்.

அந்த வாரம் அம்மா தூங்கினாள். சனிக்கிழமை லீவில் ஏழு மணிக்கு எழுந்து, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தோசை சுட்டாள். எனக்கு ஏகப்பட்ட பெருமை.

மருந்தில் கொசுக்களும் ஒழிந்திருந்தன, ஆனால் அவை இரண்டு வாரத்தில் திரும்பி வந்தன. அவற்றைத் தின்னும் தவளைகள் வரவில்லை. ஆகஸ்டில் தெருவெல்லாம் காய்ச்சல். என் தம்பிக்கு டெங்கு. தவளை போனதால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சத்தியம் செய்யமாட்டேன். அம்மா மட்டும் ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஆறு நாள் கண் மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இப்பதான் தவளை கத்தறதில்லையே, நீ ஏம்மா தூங்கல?" என்று கேட்டேன். கேட்ட வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அதற்குக்கூட அவளிடம் தெம்பில்லை.

மாமா இளநீரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "நல்லதுக்குத்தானக்கா பண்ணினேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நானும்தானேடா நிம்மதியாத் தூங்கினேன்" என்றாள் அம்மா. "ஏன் சத்தமில்லைன்னு ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கலையே."

தம்பி பிழைத்துக்கொண்டான். மாமா அதன்பின் எங்கள் வீட்டுக்கு எந்தப் பாட்டிலும் கொண்டுவரவில்லை. குட்டையில் யார் யாரோ கட்டட இடிபாடுகளைக் கொட்டத் தொடங்கினார்கள். யாரும் தடுக்கவில்லை. நாங்களும்தான்.

அடுத்த ஜூனில் நல்ல மழை. மிச்சமிருந்த பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தது. நான் தினமும் மாலையில் பின்கதவைத் திறந்துவைத்து நின்றேன். இன்று வரும், நாளை வரும் என்று அந்த மாதம் முழுக்க நின்றேன். தவளைகளும் மழையோடு மேலிருந்துதான் வருகின்றன என்று அந்த வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். போன வருடம் அதே தண்ணீரில் வாலோடு நீந்தியவைதான் வளர்ந்து வந்து கத்த வேண்டியவை என்று எனக்குத் தெரியாது.